வடை சுட்ட பாட்டி அப்புறம் என்ன ஆனாள்? சென்னைப் பெண்களிடம் நாட்டுப்புறக் கதை கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

காகம் வடையைக் கவ்விக்கொண்டு பறந்ததும் பாட்டி கதையிலிருந்து மறைந்துவிடுகிறாள். அப்புறம் மரக்கிளை, நரி, பாட்டு என்று கதை வேறு பக்கம் ஓடிவிடுகிறது. உளுந்தை ஊறவைத்து, உரலில் ஆட்டி, சுள்ளி பொறுக்கிவந்து அடுப்பு மூட்டி, எண்ணெய்ப் புகையில் உட்கார்ந்து சுட்டவளுக்கு அன்றைக்கு ஒரு வடை நஷ்டம். அதைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது. அவள் உட்கார்ந்திருந்த மரம் யாருடையது, சுள்ளி எங்கே கிடைத்தது, தண்ணீரை எங்கிருந்து தூக்கிவந்தாள் என்றும் யாரும் கேட்பதில்லை. புகழ்ச்சிக்கு மயங்காதே என்று நீதி சொல்லி முடித்துவிடுகிறோம்.

நான் வேளச்சேரியில் இருக்கிறேன். பத்து வருடத்துக்கும் மேலாகச் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வயதான பெண்களிடம் கதை கேட்டு நோட்டில் எழுதி வருகிறேன். ஆரம்பத்தில் கதைக்காக மட்டும்தான் போனேன். போகப்போக ஒன்று புரிந்தது. இந்தக் கதைகளில் குளமும் கிணறும் மரமும் சும்மா வருவதில்லை. தண்ணீர் எடுக்க, விறகு பொறுக்க, கீரை பறிக்க, துணி துவைக்க யாரோ ஒரு பெண் அங்கே போகிறாள், அவள் கூடவே அவையும் கதைக்குள் வந்துவிடுகின்றன. அந்த வேலையைக் கண்ணில் வைத்துக்கொண்டு கேட்டால், ஊரின் நீரும் நிலமும் என்ன ஆயின என்ற கணக்கும் சேர்ந்து கிடைக்கிறது. அப்படிக் கேட்பதும் எழுதுவதும் திரும்பச் சொல்வதும் எப்படி என்று எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்கள், கல்லூரி மாணவிகள், பேரப்பிள்ளைக்குக் கதை சொல்கிறவர்கள் யாருக்கும் இது உதவும்.

முதல் படி: தெரிந்த கதையில் தொடங்குங்கள்

வெளியே கிளம்பும் முன் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதை ஒன்றை எடுத்துக்கொண்டு நாலு கேள்வி கேளுங்கள். இதில் உழைப்பது யார்? தண்ணீரும் விறகும் தானியமும் எங்கிருந்து வருகின்றன? கஷ்டம் வந்ததும் பழி யார் தலையில் விழுகிறது? கடைசிவரை வாய் திறக்காதவர் யார்?

வடைக் கதையில் இதைச் செய்து பார்த்தால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். சென்னையில் இன்றும் சாலையோர மரத்தடியில் இட்லி, வடை விற்கிற பெண்கள் இருக்கிறார்கள். சாலையை அகலப்படுத்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வெட்டினால் முதலில் வெயிலுக்கு வருவது அவர்கள் தலைதான். "உங்கள் தெருவில் வடை சுடுகிற அம்மா எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்டால் போதும். பிள்ளைகள் மறுநாள் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் அந்த அம்மாவிடமே கேட்டு வருவார்கள்.

பெரியவர்களோடு செய்வதாக இருந்தால் நல்லதங்காள் கதையை எடுங்கள். இதில் கொஞ்ச நேரம் நின்று போக வேண்டும், ஏனென்றால் நம்மிடம் இருக்கும் பஞ்சக் கதைகளில் இதைவிடக் கனமானது குறைவு. பன்னிரண்டு வருடம் மழை இல்லை. தாலி உட்பட எல்லாவற்றையும் விற்றுத் தின்றாயிற்று என்று சில பாடல்களில் வரும். ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நல்லதங்காள் பிறந்த ஊரான அர்ச்சுனாபுரத்துக்கு அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். அப்புறம் உளுத்த கேழ்வரகும் ஓட்டைச் சட்டியும் எரிக்கப் பச்சை வாழைமட்டையும் கொடுக்கிறாள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள்.

கதை கேட்டவர்களிடம் யார் குற்றவாளி என்று கேட்டுப் பாருங்கள். அத்தனை பேரும் மூளி அலங்காரியைத்தான் சொல்வார்கள். பெயரிலேயே தண்டனை எழுதியிருக்கிறது: மூளி என்றால் அங்கம் குறைந்தவள், நகை இல்லாதவள். அவள் செய்தது கொடுமைதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடப் பஞ்சத்துக்கு ராஜா என்ன செய்தான்? நல்லதங்காளின் கணவன் காசிராஜன் என்று பெயரிலேயே ராஜாவைச் சுமந்திருக்கிறான், அவன் களஞ்சியத்தின் சாவி யார் இடுப்பில் இருந்தது? குளம் வற்றிய வருடங்களில் ஏன் யாரும் தூர் வாரவில்லை? கதை இதையெல்லாம் கேட்காமல் இரண்டு பெண்களை ஒரு சட்டிக்கு முன்னால் நிறுத்திவிடுகிறது. பஞ்சம் நாத்தனாருக்கும் அண்ணிக்குமான சண்டையாகச் சுருங்கிப்போகிறது.

சென்னைக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மழை பொய்த்தது உண்மை. ஆனால் அப்போதும் சென்னைத் துறைமுகம் வழியாகத் தானியம் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாகப் பசித்த மக்களைக் கொண்டு வெட்டப்பட்டது. இன்று அதன் மேலேதான் பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன. நல்லதங்காள் கதையைச் சொல்லிவிட்டு மயிலாப்பூர்ப் பக்கம் அந்தக் கால்வாய் ஓரம் ஒருமுறை நடந்து பாருங்கள்.

இரண்டாம் படி: பெண்தான் இயற்கை என்று சொல்லிவிடாதீர்கள்

இந்த வழியில் வருகிற பலரும் விழும் பள்ளம் இது. நானும் விழுந்திருக்கிறேன். பூமி தாய், நதி தாய், பெண் இயல்பிலேயே மரம் செடிக்கு நெருக்கமானவள் என்று பேச ஆரம்பித்தால் கேட்க இதமாக இருக்கும். ஆனால் தாய் என்றால் பொறுத்துக்கொள்வாள் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. கூவத்தைத் தாய் என்றும் சொல்லலாம், சாக்கடையையும் திறந்துவிடலாம், இரண்டுக்கும் நடுவில் நமக்கு ஒரு சங்கடமும் வராது.

1988-இல் சூழலியலாளர் வந்தனா சிவா எழுதியபோது பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை அழுத்திச் சொன்னார். 1992-இல் பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் அதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். பெண்களுக்குக் காடும் நீரும் தெரிவது அவர்கள் பிறப்பால் அப்படிப்பட்டவர்கள் என்பதால் இல்லை, விறகும் தண்ணீரும் சுமக்கிற வேலை அவர்கள் தலையில் இருப்பதால்தான் என்றார். வர்க்கம், சாதி, நிலவுடைமை இவற்றைப் பொறுத்து அந்த அறிவும் மாறும் என்றார். நான் பீனா அகர்வால் பக்கம். கதை கேட்கப் போகும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருந்தால் எந்தக் கேள்வி கேட்பது என்பதே மாறிவிடும்.

ரேணுகா கதையைப் பாருங்கள். அவள் தினமும் சுடாத பச்சை மண்ணைக் குடமாகப் பிடித்து ஆற்றில் தண்ணீர் எடுத்துவருவாள், கற்பின் பலத்தால் குடம் கரையாது. ஒருநாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு நொடி வியந்தாள், குடம் உடைந்துபோயிற்று. கணவர் ஜமதக்னி முனிவர் அவள் தலையை வெட்டச் சொன்னார், பெற்ற மகன் பரசுராமனே வெட்டினான். அப்புறம் உயிர்ப்பித்தபோது, கூடவே வெட்டுப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணின் உடலில் ரேணுகாவின் தலை மாறி ஒட்டிக்கொண்டது. அப்படி எழுந்தவள்தான் மாரி என்று வட தமிழ்நாட்டில் சொல்வார்கள்.

இதைப் பக்திக் கதையாகச் சொல்லலாம், சொல்கிறார்கள். தண்ணீர் சுமக்கும் பெண்ணின் பக்கத்திலிருந்து கேட்டால் வேறொன்று தெரியும். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவது அவள் வேலை. அந்த வேலைக்குப் போகும் வழியில் அவள் கண் எங்கே போகிறது என்பது குடும்பத்தின் கவலை. தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கு பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "தண்ணி புடிக்கப் போனா ஒரு மணி நேரம் யார்கூடப் பேசிட்டு வந்தேன்னு கேப்பாங்க" என்றார் ஒருவர். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றிக் கிடந்தபோது இந்த நகரத்தில் அந்தக் கேள்வி எத்தனை வீட்டில் கேட்கப்பட்டிருக்கும் என்று யோசிக்கிறேன்.

மூன்றாம் படி: காலுக்கு அடியில் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊர்ப்பெயர்தான் மிகச் சின்ன நாட்டுப்புறக் கதை. புளியந்தோப்பு, புரசைவாக்கம், வேப்பேரி, அல்லிக்குளம், பனையூர், பழவந்தாங்கல். தாங்கல் என்றால் சிறிய ஏரி. திருவேற்காட்டில் வேலமரக் காடு இருந்தது. பழவேற்காட்டுப் பெயரிலும் அதே காடு இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் ஏரி தெரியாது, ஏனென்றால் அந்த நீண்ட ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்.

உங்கள் பகுதிக்கு ஒரு தாளை எடுத்து, பெயர்களில் இருக்கும் நீரையும் மரத்தையும் குறியுங்கள். அப்புறம் அம்மன் கோயில்களைக் குறியுங்கள். எல்லையம்மன் கோயில் ஊர் எல்லையைக் காட்டும். கன்னிமார் கற்கள் பெரும்பாலும் ஏரிக்கரையில் இருக்கும். நாகாத்தம்மன் இருந்தால் அங்கே ஒரு புற்றும் மரமும் இருந்திருக்கும். மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் போனால் கருவறைக்கு மேலே இன்றும் தென்னங்கீற்றுக் கூரைதான். கான்கிரீட் எழும்பிய தெருவில் அந்தக் கீற்று மட்டும் மாறாமல் இருக்கிறது. அம்மனுக்கு வேறு கூரை பிடிக்காது என்பதுதான் சொல்லப்படும் காரணம். முண்டகம் என்றால் தாமரை. தாமரை என்றால் அங்கே தண்ணீர் இருந்திருக்க வேண்டும் என்று அந்தப் பெயரை நான் வாசிக்கிறேன். நிரூபணமாக அதைச் சொல்ல மாட்டேன், கேட்டு விசாரிக்க ஒரு நல்ல தொடக்கமாக எடுத்துக்கொள்வேன்.

நான்காம் படி: யாரிடம் போவது, என்ன கேட்பது

"நாட்டுப்புறக் கதை தெரியுமா பாட்டி?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எனக்கு என்னம்மா தெரியும், நான் படிக்காதவ" என்ற பதில்தான் வரும். வேலையைக் கேளுங்கள். சின்ன வயதில் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், விறகுக்கு எந்தப் பக்கம் போவீர்கள், எந்தக் கீரை சும்மா கிடைக்கும், எந்த இடத்துக்குப் போகாதே என்று அம்மா சொன்னார், ஏன் சொன்னார். அந்தக் கடைசி ஏனுக்குப் பின்னால்தான் கதை இருக்கும்.

புளியமரத்துப் பேய் அப்படி வருகிற கதைதான். இருட்டின பிறகு புளியமரத்தடிக்குப் போகாதே, முடியை விரித்துப்போட்டு உச்சிவெயிலில் அந்தப் பக்கம் நடக்காதே என்று ஊர் ஊராகச் சொல்வார்கள். இதனால் மரம் பிழைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள், அதில் உண்மை இருக்கலாம். பயத்துக்குரிய மரத்தில் கோடரி வைக்க யாரும் துணியமாட்டார்கள். ஆனால் அதே கதை ஒரு பெண்பிள்ளை எந்த நேரத்தில் எங்கே நடக்கலாம் என்பதற்கும் வேலி கட்டியது. இரண்டையும் எழுதுங்கள். மரத்தைக் காப்பாற்றியது என்று மட்டும் எழுதினால் அந்தப் பெண்பிள்ளையை விட்டுவிடுகிறோம்.

யாரிடம் போவது என்பதில் சாதியையும் இடத்தையும் கவனியுங்கள். ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுத்தவர் சொல்லும் கிணற்றுக் கதையும், அந்தக் கிணற்றுப் பக்கம் வரவிடாமல் தள்ளி நிறுத்தப்பட்டவர் சொல்லும் கதையும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு ஊரின் கதை என்று போடுவது பெரிய பிழை. எண்ணூர், பழவேற்காடு பக்கம் இருளர் பெண்கள் கழிமுகச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள், வாயில் பறி. அவர்களுக்குச் சேற்றின் ஒவ்வொரு பதமும் பெயரோடு தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பிறகும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்த பிறகும் அந்தச் சேறு எப்படி மாறியது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். மாசி மகத்தில் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மாவைத் திரும்ப வரச்சொல்லிக் கேட்பது அந்தக் கூடல் என்று சொல்வார்கள். கோபித்துப் போகிற, கெஞ்சினால்தான் வருகிற தெய்வம். பொறுமைத் தாயை விட இந்தக் கன்னியம்மாவை எனக்கு அதிகம் பிடிக்கும்.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளையும் விட்டுவிடாதீர்கள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து 2000-க்குப் பிறகு அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்ட குடும்பங்கள் ஏராளம். ஆற்றங்கரைக் கதை ஆற்றை விட்டு எட்டாவது மாடிக்குப் போனால் என்ன ஆகும் என்று அங்கேதான் கேட்க முடியும்.

ஐந்தாம் படி: ஊம் கொட்டுங்கள்

கதை சொல்பவருக்கு ஊம் கொட்ட ஆள் வேண்டும். போனை நீட்டிவிட்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கதை பாதியில் நின்றுவிடும். நாட்டுப்புறக் கதை அறிஞர் ஏ.கே. ராமானுஜன் தொகுத்த தமிழ்க் கதை ஒன்றில், மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டைச் சொல்ல ஆள் இல்லாத விதவை ஒருத்தி பாழடைந்த வீட்டுச் சுவர்களிடம் போய்ச் சொல்வாள். ஒவ்வொரு குறை சொல்ல ஒவ்வொரு சுவராக இடிந்து விழும், அவள் உடம்பு பாரமும் குறையும். கேட்கப் போகிறவர் அந்தச் சுவரைப் போலக் கொஞ்சமாவது அசைந்துகொடுக்க வேண்டும்.

நேரம் முக்கியம். காலை சமையல் முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அல்லது சாயங்காலம் பூ கட்டும்போது, கீரை ஆயும்போது. கூடவே நீங்களும் ஒரு கட்டு கீரையை எடுத்து ஆய உட்காருங்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். மின்விசிறியும் மிக்ஸியும் ஒலிப்பதிவைக் கெடுக்கும், ஆனால் விசிறியை நிறுத்தச் சொல்லி வியர்க்க வைக்காதீர்கள், போனைக் கொஞ்சம் கிட்டே வையுங்கள். பதிவு செய்யலாமா என்று முன்னால் ஒருமுறை கேளுங்கள், முடிந்த பிறகு இதை வெளியே சொல்லலாமா என்று மறுபடி கேளுங்கள். சொல்லும்போது கணவர், மாமியார் பற்றியெல்லாம் வந்திருக்கும். முதலில் சரி என்றவர் இரண்டாவது தடவை யோசிப்பார். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு பாட்டியிடம் முருங்கைக்கீரை உருவியபடி கேட்ட கதையைச் சொல்கிறேன். அவர் ஊர் ஏரியில் உச்சி வேளையில் ஏழு கன்னிமாரும் குளிக்க இறங்குவார்களாம். அப்போது ஆம்பளை கண் பட்டால் கண் போய்விடுமாம். நான் உடனே நோட்டில் எழுதினேன்: நடுப்பகலில் ஏரிக்கு ஓய்வு, நீரைக் காக்கும் நம்பிக்கை. பெருமையாக அதை அவரிடமே சொன்னேன். அவர் உருவின காம்பைத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏரிக்கு என்னம்மா ஓய்வு? அந்த நேரம் ஒரு ஆம்பளையும் கரைப்பக்கம் வரமாட்டான். நாங்க பொம்பளைங்க எல்லாரும் எறங்கிக் குளிப்போம். துணியைக் கழட்டிப் போட்டு நல்லா அழுக்குத் தேய்ச்சுக் குளிப்போம். அந்தக் கதை இல்லன்னா எங்களுக்கு ஏது குளியல்?"

அன்றைக்கு நான் எழுதியிருந்த வரியை அடித்தேன். வீட்டில் குளியலறை இல்லாத காலத்தில் ஒரு பொது நீர்நிலையில் பெண்களுக்கென்று ஒரு நேரத்தை அந்தக் கதை பிடித்துவைத்திருக்கிறது. ஏரி போனபோது அந்த நேரமும் போயிற்று. சுற்றுச்சூழல் இழப்பு என்று நாம் எழுதும் பட்டியலில் இது எங்கேயும் வராது.

ஆறாம் படி: எழுதுவது

கேட்டதை அன்றைக்கே எழுதுங்கள். அரை மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எனக்கு ஒரு முழு நாள் ஆகும். தேதி, இடம், சொன்னவரின் வயது, யாரிடம் கேட்டதாகச் சொன்னார், சொல்லும்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதையும் குறியுங்கள். மொழியைத் திருத்தாதீர்கள். ஒருமுறை நான் "இட்டாந்தாங்க" என்பதை "அழைத்து வந்தார்கள்" என்று மாற்றி ஒரு சிறு தொகுப்பில் போட்டேன். கதை சொன்னவரின் பேத்தி படித்துக்காட்டியபோது "இது யாரோ சொன்னது, நான் சொல்லல" என்று அந்த அம்மா ஒதுக்கிவிட்டார். ஒரே கதை இரண்டு விதமாகக் கிடைத்தால் இரண்டையும் வையுங்கள், சரியானது எது என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

ஏழாம் படி: கதையை இடத்தோடு வைத்துப் பாருங்கள்

கதை சாட்சியம் ஆகாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டும். பள்ளிக்கரணையை அந்தக் காலத்தவர்கள் கழுவெளி என்பார்கள். 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு, குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் போக மிச்சம் கொஞ்சம்தான். 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அரசுக் கணக்கில் இப்படிப்பட்ட நிலத்துக்குப் புறம்போக்கு, தரிசு என்றுதான் பெயர். கோரை அறுத்துப் பாய் முடைந்ததும், நத்தை பொறுக்கியதும், பொன்னாங்கண்ணி பறித்ததும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை, ஏனென்றால் அது பெண்களின் கூலியில்லா வேலை. உங்கள் தொகுப்பில் வரும் கீரை, மீன், புல் பெயர்களைத் தனியாக எடுத்து எழுதினாலே அந்த நிலம் தரிசாக இருந்ததா என்பதற்குப் பதில் கிடைத்துவிடும்.

யார் காத்தார்கள் என்று கதை சொல்வதையும் கவனியுங்கள். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை எல்லோருக்கும் தெரியும். 1798-இல் பெருமழையில் ஏரி உடையும் நிலையில் கலெக்டர் லயனல் பிளேஸ் போய்ப் பார்க்க, ராம லட்சுமணர் வில்லோடு கரையில் நின்றதாகக் கதை. அதே கதைக்குள், ஏரி உடையாவிட்டால் தாயார் சந்நிதி கட்டித்தருவதாகக் கலெக்டர் ஒத்துக்கொண்டதும் இருக்கிறது. ஜனகவல்லித் தாயார் சந்நிதி அப்படி வந்தது. ராமர் பெயர் ஏரிக்கு நிலைத்தது, தாயார் பங்கு அடிக்குறிப்பாகிவிட்டது. பக்கத்துக் கன்னட நாட்டில் 'கெரெகெ ஹார' என்ற கதைப்பாடல் இன்னும் கொடியது: ஏரியில் தண்ணீர் வர வீட்டின் சின்ன மருமகள் பாகீரதியைப் பலி கொடுக்கிறார்கள். ஆண் கரையில் நின்று காக்கிறான், பெண் கரைக்குள் போகிறாள். நீங்கள் கேட்கும் ஏரிக் கதைகளில் இந்தக் கணக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

எட்டாம் படி: திரும்பச் சொல்வது

மொட்டை மாடி, பள்ளி வகுப்பு, ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் கோயில் பந்தல், எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். முடிவை மட்டும் நம் வசதிக்கு மாற்றிவிடாதீர்கள். நல்லதங்காளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கேட்பவருக்கு ஆறுதல் கிடைக்கும், கேள்வி போய்விடும். கிணற்றடியில் நிறுத்திவிட்டு, "இந்த இடத்துக்கு அவள் வராமல் இருக்க யார் யார் என்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள். பிள்ளைகளோடு என்றால் ராமானுஜன் கன்னடத்தில் தொகுத்த பூமரப் பெண் கதை அருமையானது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அவள் மரமாவாள், நகம் படாமல் பூப்பறித்துவிட்டு இன்னொரு குடம் ஊற்றினால் மறுபடி பெண்ணாவாள். அவசரப்பட்டுக் கிளையை ஒடித்துவிட்டுப் போகிற பெண்களால் கை கால் இழந்து கிடப்பாள். சொல்லிமுடித்ததும் பிள்ளைகளை ஒரு செம்பருத்திச் செடிக்குக் கூட்டிப்போய் நகம் படாமல் ஒரு பூ பறிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு கஷ்டம் என்று விரலுக்குத் தெரியும்.

கடைசியாக, பதிவை அவர்களுக்கே திருப்பிக் கொடுங்கள். பேரனின் போனில் ஏற்றிக்கொடுத்தால் போதும், எழுதியதை வாசித்தும் காட்டுங்கள். பள்ளிக்கரணைப் பாட்டிக்கு அவர் குரலைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கன்னிமார் குளிக்க இறங்கும் இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"உச்சி வேளைன்னு மட்டுமா சொல்லிருக்கேன்? வெள்ளிக்கிழமை உச்சி வேளை. அதை உட்டுட்டேன் பாரு. இன்னொரு வாட்டி போடு, முதல்லேருந்து சொல்றேன்."

போனை அவர் கிட்டே நகர்த்தி வைத்தேன். "கதை கதையாம் காரணமாம்" என்று தொடங்கினார்.